மலையேறும் பையில் எந்தப் பின்னல்?



கோடை விடுமுறை நெருங்கும்போது இப்பகுதிக்கு வரும் மடல்களின் போக்கே மாறிவிடுகிறது. வடகத்துக்கும் ஊறுகாய்க்கும் பக்குவம் கேட்டவர்கள், பயணப் பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது என்று கேட்கத் தொடங்குகிறார்கள். இம்முறை வந்தவற்றுள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்த மடலை மூன்று முறை படித்தேன்.

அவர்கள் குடும்பத்தில் 11 பேர். மே மாதம் ஒரு வாரம் கொடைக்கானலுக்கும் அப்பால், கவுஞ்சியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கப் போகிறார்கள். சென்ற ஆண்டு இச்சகோதரியின் தாயார் மறைந்துவிட்டார். (அல்லாஹ் அவர்களின் பிழை பொறுப்பானாக.) தனித்துவிட்ட அத்தாவையும் இம்முறை உடன் அழைத்துச் செல்கிறார். இவருக்குக் கம்பளி நூலில் பின்னத் தெரியும். ஆனால் மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு ஸ்வெட்டரைத் தொடங்கி எடுத்துச் செல்வதும், பாதியோடு திரும்பி வருவதுமாக இருந்திருக்கிறது. வீட்டு டிரங்குப் பெட்டியில் மூன்று அரைகுறை ஸ்வெட்டர்கள் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று, தாயாருக்கென்று தொடங்கியது. இவ்வாண்டு அந்த ஏழு நாளில் அத்தாவுக்கு ஒரு முழு ஸ்வெட்டர் முடித்துவிட வேண்டும் என்பது இவரின் ஆசை. ‘மலையைப் பார்க்க வருகிறாயா, நூலைப் பார்க்க வருகிறாயா?’ என்று மாமியார் கேட்கிறாராம். ‘எந்த மாதிரிப் பின்னலைத் தேர்ந்தெடுக்கட்டும்?’ என்று சகோதரி கேட்கிறார். மடலின் கடைசி வரியில், சற்றுத் தயங்கினாற்போல், இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: ‘அம்மாவுக்குத் தொடங்கியதைப் பிரித்துவிடலாமா?’

முதல் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். சகோதரியே, ஸ்வெட்டர் வேண்டாம்.

கை திறமை குறைந்தது என்பதற்காக இப்படிச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தே சொல்கிறேன். நம் கடைகளில் கிடைக்கும் நடுத்தரக் கனமுள்ள நூலை 8 ஆம் எண் ஊசியில் பின்னினால் ஓர் அங்குல அகலத்தில் 5 கண்ணிகளும், ஓர் அங்குல உயரத்தில் 7 வரிசைகளும் அமையும். நடுத்தர உடல்வாகு கொண்ட ஆண் ஒருவருக்குச் சுற்றளவு 42 அங்குலம், உயரம் 26 அங்குலம் என்று கொண்டால் உடற்பகுதிக்கு மட்டும் 38,000 கண்ணிகளுக்கு மேல் ஆகின்றன. இரண்டு கைகளுக்கும் இன்னும் 16,000. ஆக 54,000. பழகிய கை நிமிடத்துக்கு 20 கண்ணி போடும் என்றால் 45 மணி நேரம்; அதுவும் பிரித்துப் போடுதல், எண்ணுதல், இணைத்துத் தைத்தல் எதுவும் சேராமல். 11 பேர் கொண்ட குடும்பத்தில், விடுமுறையென்றாலும் அடுப்பு விடுமுறை எடுப்பதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் உட்கார முடிந்தால் அதுவே பெரிது. ஏழு நாளுக்கு 14 மணி நேரம். 45 எங்கே, 14 எங்கே? மூன்று ஆண்டுகளாக ஸ்வெட்டர்கள் பாதியில் திரும்பியதற்கு இக்கணக்கே காரணமன்றி வேறில்லை.

இனி, அந்த ஸ்வெட்டர் எப்படியோ முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஏழாம் நாள் இரவு கடைசிக் கண்ணியைக் கட்டி முடிப்பீர்கள். எட்டாம் நாள் மலையிறங்குவீர்கள். கீழே மே மாத வெயிலில் அத்தா அதை எங்கே அணிவார்? பெட்டியில் மடித்து வைத்து, நாப்தலின் உருண்டை போட வேண்டியதுதான். பயணத்துக்கான பின்னலைத் தேர்ந்தெடுப்பதில் என் முதல் அளவுகோல் இதுவே: போகும் இடத்திலேயே, போன இரண்டாம் நாளே, ஒருவர் உடம்பில் ஏறக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

கவுஞ்சியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கொடைக்கானல் ஏரியையும் கடைவீதியையும் பார்த்துவிட்டுத் திரும்புவோர் பலருக்கு இப்பெயர் தெரியாது. பூம்பாறையையும் மன்னவனூரையும் கடந்து மேற்கே செல்லும் மலைச்சாலையில் உள்ள விவசாய ஊர் இது. படிப்படியாய் வெட்டிய நிலங்களில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதே, அந்தப் பூண்டு விளையும் மேல்மலைப் பகுதி இதுதான். மார்கழி, தை மாதங்களில் இம்மேல்மலையின் புல்வெளிகளில் உறைபனி படியும். மே மாதத்திலும் கொடைக்கானல் மலையில் இரவு வெப்பம் 11, 12 டிகிரிக்கு இறங்கிவிடும். பகலில் 35 டிகிரியைத் தாண்டும் சமவெளியிலிருந்து நேரே ஏறி வரும் முதியவரை இக்குளிர் முதலில் எங்கே பிடிக்கும்? காதிலும் காலிலும். மார்பைப் போர்த்திக்கொள்ளச் சால்வை ஒன்று எப்படியும் கையில் இருக்கும். காதுக்கும் காலுக்குந்தான் எதுவும் இராது. அதிலும் பஜ்ருக்கு உளூச் செய்துவிட்டு வெளியே வரும் அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே அத்தாவுக்கு ஒரு தொப்பியும், ஒரு ஜோடி காலுறையும். தொப்பிக்கு ஏறத்தாழ 5,000 கண்ணிகள்; நான்கரை மணி நேரத்துக்குள் முடியும். கனமான நூலில் காலுறை ஒரு ஜோடிக்கு 11,000. ஒன்பது மணி நேரம். மொத்தம் பதின்மூன்றரை. உங்கள் கையிலுள்ள பதினான்குக்குள் அடங்கிவிடுகிறது. தொப்பியை வீட்டிலேயே தொடங்கிச் சிறிது ஏற்றிக்கொண்டு போனால் இரண்டாம் நாள் இஷாவுக்கு அத்தா அதை அணிந்து தொழுவார், இன்ஷா அல்லாஹ்.

தொப்பியின் மாதிரியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு செய்தி உண்டு. பின்னல் புத்தகங்கள் இதைச் சொல்ல மாட்டா. ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் நெற்றியின் ஒரு பகுதியேனும் திறந்து தரையைத் தொடாமல் ஸஜ்தா நிறைவேறாது. ஹனஃபி மத்ஹபிலும் காரணமின்றித் தலையணியின் விளிம்பை நெற்றிக்குக் கீழே விட்டு ஸஜ்தாச் செய்வது விரும்பத்தக்கதன்று. காதை மூடும் கம்பளித் தொப்பிகள் பெரும்பாலும் புருவம் வரை இறங்கி வரும். எனவே விளிம்பை இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு மறுகண்ணி என்று (கடைக்காரர்கள் ‘ரிப்’ என்பார்களே, அந்த முறையில்) நான்கு அங்குல உயரத்துக்கு இழுபடும்படி பின்னி, முன்பக்கம் மடித்துவிட ஏற்றதாகச் செய்யுங்கள். தொழும்போது முன்பக்கம் மேலே மடியும்; வெளியே நடக்கும்போது கீழே இறங்கும். உச்சியில் குஞ்சம் வேண்டாம். அத்தாமார் அதை விரும்புவதில்லை என்பது என் அனுபவம்.

காலுறையைப் பற்றி இன்னும் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோலால் ஆன ‘குஃப்’ அணிந்திருந்தால் ஊரில் தங்கியிருப்பவர் ஒரு பகலும் ஓர் இரவும், பயணி மூன்று பகலும் மூன்று இரவும் அவற்றின் மேல் மஸ்ஹுச் செய்துகொள்ளலாம் என்பது யாவரும் அறிந்த சட்டம். நாம் பின்னும் கம்பளிக் காலுறைக்கும் அது பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. நீர் ஊடுருவக்கூடிய மெல்லிய பின்னல் காலுறையின் மேல் மஸ்ஹுச் செய்வதை நம் பக்கத்து இரண்டு மத்ஹபுகளும் ஏற்பதில்லை. ஆகவே அத்தா உளூவுக்கு ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். குனிந்து காலுறை மாட்டுவது முதியவருக்கு எளிதன்று. கணுக்காலுக்கு மேலுள்ள பகுதியைத் தளர்வாக, இரண்டு விரல் நுழையும்படி வையுங்கள். குதிகால் சற்றே பெரிதாக இருக்கட்டும். இன்னொன்று: பளிங்குபோல் மெழுகிய சிமெண்டுத் தரையிலும் ஓட்டுக்கல் தரையிலும் கம்பளிக் காலுறை வழுக்கும். பழைய கைப்பையொன்றின் மெல்லிய தோலை இரண்டு துண்டுகளாக வெட்டி உள்ளங்காலில் தைத்துவிடுவது அரை மணி நேர வேலைதான். தவறி விழுந்தால் அது எத்தனை மாத வேலை என்பதை முதியோரைப் பராமரித்தவர்கள் அறிவார்கள்.

பெண்களுக்கும் இதே காலுறை வேறொரு வகையில் உதவும். ஷாஃபிஈ மத்ஹபில் தொழுகையின்போது பெண்ணின் பாதமும் மறைந்திருக்க வேண்டும். கடற்கரையூர்ச் சகோதரிகள் நீண்ட தொழுகை அங்கியால் பாதத்தை மறைத்துச் சமாளிப்பார்கள். மலைக்குளிரில் காலுறை மறைப்புமாகும், வெப்பமுமாகும்.

இனி நூலுக்கு வருவோம். சந்தையில் ‘உல்லன்’ என்று விற்பதெல்லாம் கம்பளி அன்று. பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அது மலிவு, நிறம் கண்ணைப் பறிக்கும், பூச்சி அரிக்காது. குழந்தை நாள்தோறும் அழுக்காக்கும் சட்டைக்கு ஏற்றது. ஆனால் நெருப்பருகே அது உருகித் தோலோடு ஒட்டும். உண்மையான கம்பளியோ எளிதில் தீப்பற்றாது; பற்றினாலும் தீயை அகற்றியதும் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். மலை வீடுகளில் மாலையானால் கணப்பு மூட்டிச் சுற்றி உட்காருவது வழக்கம். அங்கே அணியப்போகும் ஒன்றைக் கம்பளியில் பின்னுவதே பாதுகாப்பு. மேலும் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது. மூடுபனி இறங்கும் ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நூற்கடையில் ஐயம் வந்தால் ஓர் இழையைக் கேட்டு வாங்கி வந்து வீட்டில் கொளுத்திப் பாருங்கள்: முடி கருகும் நாற்றமும் பொடியாகும் சாம்பலும் கம்பளிக்கு, கெட்டியான கரும் உருண்டை செயற்கை இழைக்கு.

கவுஞ்சிக்குப் போகும் வழியிலேயே கம்பளியின் பிறப்பிடத்தையும் பார்த்துவிடலாம். மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. ராஜஸ்தானத்தின் அவிகாநகரில் 1962 இல் நிறுவப்பட்ட மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டலக் கிளை அது. அங்கே வளர்ப்பது ‘பாரத் மெரினோ’ என்னும் இனம். ராஜஸ்தானப் பகுதியின் சோக்லா, நாலி என்னும் பெட்டைகளோடு ராம்புலே, சோவியத் மெரினோ கிடாய்களைச் சேர்த்து உருவாக்கிய கலப்பினம். நம் சமவெளி ஆடுகளில் மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல் போன்றவை இறைச்சிக்கானவை. உடலில் முடிதான் இருக்கும். கோயம்புத்தூர் ஆடும் திருச்சிக் கறுப்பாடும் தரும் முரட்டுக் கம்பளியில் போர்வையும் விரிப்பும் நெய்யலாம். கழுத்தில் சுற்ற முடியாது. மெல்லிய கம்பளி தரும் நம் நாட்டு ஆடு தமிழ்நாட்டில் நீலகிரி ஆடு ஒன்றே. ஆகையால்தான் மன்னவனூரின் குளிர்ந்த புல்வெளியைத் தேர்ந்து, மெல்லிழை ஆட்டை அங்கே வளர்த்து வருகிறார்கள். பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று ஆட்டின் மேல் கைவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே மங்கிய அழுக்கு நிறம். விரலால் பிளந்தால் உள்ளே பாலாடை வெண்மை. விரலில் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கு. அதைக் கழுவி, சீவி, முறுக்கிய பிறகே உங்கள் கையிலுள்ள நூல் பிறக்கிறது.

திருக்குர்ஆனின் ‘அந்நஹ்ல்’ அத்தியாயம் 80 ஆம் வசனத்தில் அல்லாஹ் தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டும்போது செம்மறியாட்டின் கம்பளி, ஒட்டகத்தின் ரோமம், வெள்ளாட்டின் முடி மூன்றையும் தனித்தனிச் சொல்லால் குறிப்பிடுகிறான். அவை வீட்டுச் சாமான்களுக்கும், குறிப்பிட்ட காலம் வரை மனிதன் அனுபவிப்பதற்கும் உரியவை என்று அவ்வசனம் அறிவிக்கிறது. எங்கள் மாணவியர் இவ்வசனத்தைப் படிக்கும்போது ஒருத்தியாவது கேட்பாள்: உயிருள்ள ஆட்டிலிருந்து வெட்டிய கம்பளி சுத்தமானதுதானா என்று. உண்ண அனுமதிக்கப்பட்ட பிராணி உயிரோடிருக்கும்போது கத்தரித்த கம்பளி சுத்தமானதே. இதில் கருத்து வேறுபாடில்லை. அறுக்கப்படாமல் தானே செத்த பிராணியின் கம்பளியை ஷாஃபிஈ மத்ஹபினர் அசுத்தம் என்பர். ஹனஃபிகள் சுத்தம் என்பர். மன்னவனூர் நிலையத்தில் முயல்களும் உண்டு. முயல் ஹலாலான பிராணியாதலால், வடக்கே அங்கோரா முயலிலிருந்து எடுக்கும் மென்மயிர் நூலைப் பின்னுவதிலும் தடையில்லை.

இனி அந்தத் தயக்கமான கேள்வி.

நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. பின்னியதைப் பிரிக்கக் கூடாது, குர்ஆனிலேயே கண்டித்திருக்கிறது என்று பாட்டிமார் சொல்வார்கள். அதே ‘அந்நஹ்ல்’ அத்தியாயத்தின் 92 ஆம் வசனத்தை வைத்தே அப்படிச் சொல்கிறார்கள். உறுதியாக முறுக்கி நூற்ற நூலைப் பின்னர்த் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டுவிட்ட ஒரு பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்பது அவ்வசனத்தின் கருத்து. ஆனால் முந்திய வசனத்திலிருந்து தொடர்ந்து படியுங்கள். அங்கே பேசப்படுவது உடன்படிக்கையும் சத்தியமும். அல்லாஹ்வைச் சாட்சியாக்கிச் சத்தியம் செய்துவிட்டு, எதிர்த்தரப்பு எண்ணிக்கையில் பெருகிவிட்டது என்பதற்காக அதை முறிப்பவர்களுக்குச் சொன்ன உவமை அது. நூலைப் பிரிப்பது பாவம் என்று அவ்வசனம் சட்டம் விதிக்கவில்லை. பிழையாக விழுந்த வரிசையைப் பிரிக்காமல் விட்டால் அங்கி கோணும். பிரித்துப் போடுவது கைவேலையின் ஒரு பகுதி. உவமையிலுள்ள அப்பெண்ணின் குற்றம், உழைப்பைப் பயனின்றிச் சிதைத்தது. பயனுக்காகப் பிரிப்பது அதன் நேர் எதிர்.

சகோதரியின் மனத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறதென்று ஊகிக்கிறேன். அம்மாவுக்கென்று தொடங்கியதாயிற்றே, அது அம்மாவின் சொத்தில் சேருமா, மற்ற வாரிசுகளுக்கும் அதில் பங்குண்டா என்று. இல்லை. அன்பளிப்பு என்பது பெறுபவரின் கைக்குப் போய்ச் சேரும்போதே நிறைவேறுகிறது. ஒப்படைக்காத அன்பளிப்பு கொடுக்க நினைத்தவரின் உடைமையாகவே இருக்கும். அந்த அரை ஸ்வெட்டர் என்றும் உங்களுடையதாகவே இருந்தது, இப்போதும் உங்களுடையதே. பிரிக்கலாம். முடித்து நீங்களே அணியலாம். அப்படியே வைத்திருந்தாலும் உங்களைக் கேட்பாரில்லை.

என்னிடம் ஆலோசனை கேட்டதால் சொல்கிறேன்: அத்தாவின் தொப்பிக்குப் புதுநூல் வாங்காதீர்கள். அந்த ஸ்வெட்டரைப் பிரித்து, அந்த நூலிலேயே பின்னுங்கள். ஒரு தொப்பிக்கு 50 கிராமுக்குச் சற்று மேலே போதும். கனமான ஒரு ஜோடி காலுறைக்கு 100 கிராம். அரை ஸ்வெட்டரில் 200 கிராமுக்குக் குறையாமல் இருக்கும். இந்நூல் யாருக்காகத் தொடங்கியது என்பதை அத்தாவிடம் சொல்வதா, வேண்டாமா என்பதை நான் சொல்ல முடியாது. தொப்பி அவர் தலையில் ஏறிய பிறகு உங்களுக்கே தெரியும்.

பிரித்த நூல் நூடுல்ஸ் போலச் சுருண்டிருக்கும். அப்படியே பின்னினால் கண்ணிகள் மேடும் பள்ளமுமாக விழும். நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் வேறு நிற நூலால் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் சிறிது ஷாம்பு விட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள். தேய்க்காதீர்கள், முறுக்காதீர்கள்; கம்பளி அடித்துக்கொண்டு கெட்டியாகிவிடும். துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, நிழலில் கொடியில் மாட்டி, கீழே ஒரு சிறு எடையைத் தொங்கவிட்டால் சுருள் நீங்கிவிடும். காய்ந்தபின் இறுக்கமின்றி உருண்டையாகச் சுற்றுங்கள். இதைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே செய்துவிட வேண்டும். மலைக்காற்றில் நனைந்த கம்பளி காயும் என்று நம்பிப் போனால் ஈர நூலோடுதான் திரும்புவீர்கள்.

மாமியாரின் கேள்விக்கும் ஒரு மறுமொழி இருக்கிறது. அது கொஞ்சம் நெடியது. எனக்கு மிகப் பிடித்ததுங்கூட.

இரண்டு ஊசிகளால் பின்னும் இக்கலையை வெள்ளைக்காரத் துரைசானிகள் கொண்டுவந்ததென்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். நம் ஊர்களுக்கு அது அவ்வழியில் வந்திருக்கலாம். ஆனால் உலகில் இன்று கிடைத்துள்ள மிகப் பழைய பின்னல் துண்டுகள் முஸ்லிம் எகிப்தைச் சேர்ந்தவை. பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத் முதலிய இடங்களின் வறண்ட மண்ணில் கிடைத்த பருத்திக் காலுறைகள் அவை. 11 ஆம் நூற்றாண்டு முதல் 14 ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்று கணிக்கிறார்கள். வெள்ளையும் அவுரி நீலமும் கலந்து, கூஃபி எழுத்தை ஒத்த பட்டைகளோடு, இன்றைய கை எட்ட முடியாத நுணுக்கத்தில் பின்னியவை. அதே ஃபுஸ்தாத்தின் மண்மேடுகளில் நம் குஜராத்தின் அச்சுத் துணிகளும் கிடைத்துள்ளன. ஸ்பெயின் நாட்டின் பூர்கோஸ் நகரில் லாஸ் வெல்காஸ் என்னும் கிறித்தவ மடம் ஒன்று இருக்கிறது. 1275 இல் இறந்த காஸ்தில் இளவரசர் ஃபெர்னாண்டோவின் கல்லறையில் அங்கே பட்டு நூலால் பின்னிய தலையணை உறை கிடைத்தது. ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 20 கண்ணிகள். விளிம்பில் கூஃபி எழுத்தில் ‘பரக்கத்’ என்னும் அரபுச் சொல். பின்னியவர்கள் அந்நாட்டு முஸ்லிம் கைவினைஞர்கள் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். கிறித்தவ இளவரசனின் தலைக்கு அணையாக முஸ்லிம் விரல்கள் பின்னிய பரக்கத்! (இதைப் படித்துவிட்டு யாரும் காலுறையில் அல்லாஹ்வின் திருநாமத்தையோ வசனத்தையோ பின்னிவிட வேண்டாம். காலில் அணிவதற்குப் பூவும் கோடும் போதும்.)

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒரு பெண்மணி கரையிட்ட போர்வை ஒன்றைக் கொண்டுவந்து, தம் கையாலேயே நெய்ததாகச் சொல்லிக் கொடுத்ததையும், அப்போது அதன் தேவையிலிருந்த நபியவர்கள் அதை ஏற்று அணிந்து வந்ததையும், தோழர் ஒருவர் கேட்டதும் அதை அவருக்கே கொடுத்துவிட்டதையும் ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அப்பெண்மணியின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் கைவேலை புகாரியில் நிலைத்திருக்கிறது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் உழைத்து, அதில் வந்ததைத் தர்மம் செய்தவர்கள். இந்த வரிசையில் வரும் ஒரு மருமகளின் ஊசியைப் பார்த்து மாமியார் முகம் சுளிக்க என்ன இருக்கிறது? ஆனால் மாமியாரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். தலையைக் குனிந்து எண்ணிக்கொண்டே இருக்கும் பெண், கூட இருப்பவர்களோடு இருப்பதில்லை. அதனால்தான் பயணத்துக்குச் சித்திர வேலையும் நிறக்கலப்பும் நிறைந்த மாதிரி வேண்டாம் என்கிறேன். விரல் தானே போட்டுக்கொண்டு போகும்படியான எளிய பின்னலாக இருந்தால் கண் அத்தாவின் முகத்தில் இருக்கலாம், காது அவர் பேச்சில் இருக்கலாம். துணையை இழந்த முதியவர்கள் நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டால் பேசமாட்டார்கள். பக்கத்தில் ஒருத்தி ஏதோ கைவேலையாக இருந்தால் தாமே பேசத் தொடங்குவார்கள்.

ஊசியைப் பற்றிச் சுருக்கமாக. நீண்ட இரட்டை ஊசிகளைவிட நடுவில் வளையும் இணைப்புள்ள வட்ட ஊசி பயணத்துக்கு நல்லது. பக்கத்து இருக்கைக்காரரின் விலாவில் குத்தாது. ஒன்று தவறி இருக்கைக்கு அடியில் உருண்டோடாது. தொப்பியின் உச்சிக்கும் காலுறைக்கும் இருமுனை ஊசிகள் ஐந்து கொண்ட கட்டு ஒன்று வேண்டும். நம் நாட்டில் பழைய ஆங்கில எண்முறைதான் கடைகளில் வழங்குகிறது. எண் கூடக் கூட ஊசி மெலியும். 8 ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10 ஆம் எண் மூன்றேகால். நீலகிரியின் கேத்தியில் 1949 இல் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்துதான் ‘போனி’ ஊசிகள் உலகெங்கும் போயின என்பது பின்னும் பெண்கள் பலருக்கே தெரியாது. விமானத்தில் செல்லும் வளைகுடாச் சகோதரிகள் ஊசிகளைக் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டியில் போட்டுவிடுவது, சோதனைக் கூடத்தில் வாதாடுவதைவிட எளிது. உம்ராவுக்குச் செல்லும் கணவருக்குத் தையலே இல்லாத தொப்பி என்று சொல்லிப் பின்னிக் கொடுத்து, அதை இஹ்ராமில் அணியச் சொல்லாதீர்கள். ஆண் தலையை மூடுவதே அங்கே தடை; தையல் இருக்கிறதா என்பதன்று கேள்வி.

வத்தலக்குண்டிலிருந்து மலையேறத் தொடங்கியதும் பின்னலைப் பைக்குள் வைத்துவிடுங்கள். வளைவுகளில் கீழே குனிந்து கண்ணி எண்ணினால் குமட்டல் நிச்சயம். சமவெளிப் பாதையில் மடியில் வைத்துப் பின்னலாம். இரவு விளக்கு மங்கலாக இருக்கும் வீட்டில் கறுப்பும் கருநீலமும் கண்ணைக் கொல்லும். அத்தாவின் தொப்பி சாம்பல் நிறத்திலோ, அம்மாவுக்கென்று வாங்கிய நூல் என்ன நிறமோ அதிலேயோ இருக்கட்டும். உயிலைப் போல மாதிரியை ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள். கைப்பேசியிலுள்ள படத்தை நம்பினால் மேல்மலையில் சிக்னல் இல்லாதபோது வரிசை நின்றுவிடும். கொடைக்கானலுக்குச் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. அதை முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். அங்கே நெகிழிப் பொருள்களுக்குக் கட்டுப்பாடு உண்டாதலால் நூலைத் துணிப்பையிலேயே கொண்டு போவது நல்லது. நூல் மூச்சுவிடவும் அதுவே ஏற்றது.

மீதி நூலுக்கு ஒரு யோசனை. தாயாருக்காகத் தர்மம் செய்தால் அது அவர்களுக்குப் பயன் தருமா என்று ஸஅத் பின் உபாதா (ரலி) கேட்டபோது, ஆம் என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி புகாரியில் இருக்கிறது. அந்த அரை ஸ்வெட்டரிலிருந்து அத்தாவுக்குப் போக எஞ்சும் 40, 50 கிராமில் ஒரு சிறு குழந்தைத் தொப்பி வரும். கவுஞ்சியில் பூண்டு வயலில் தாய் வேலை செய்ய, வரப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்ப்பீர்கள். 3,000 கண்ணிகூட ஆகாது; இரண்டரை மணி நேரம். ஏழு நாளில் முடியாவிட்டால் அதைக் கவுஞ்சிக்கு அஞ்சலில் அனுப்பலாம்; வாடகை வீட்டுக்காரர் சேர்த்துவிடுவார்.

மற்ற இரண்டு அரை ஸ்வெட்டர்களும் டிரங்குப் பெட்டியிலேயே இருக்கட்டும். அவற்றை ஐப்பசி மழைக்காலத்தில், வீட்டில், அவசரமில்லாமல் முடிக்கலாம். முதலில் எடுத்து உதறிப் பூச்சி அரித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அரித்த இடத்தை எப்படி எடுத்துப் பின்னிச் சேர்ப்பது என்பதை, காரைக்காலிலிருந்து வந்துள்ள கொக்கி ஊசிப் பின்னல் பற்றிய கேள்வியோடு சேர்த்து, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எழுதுகிறேன்.